ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட்: பாட்டு எது, வாழ்க்கை எது?

2022-இல் வந்த ‘ஜார்ஜ் அண்ட் டாமி’ தொடரைப் பார்த்து முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர்களான ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் கணவன் மனைவியாகச் சேர்ந்து பாடியதெல்லாம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையா, இல்லை கம்பெனி போட்டுவிட்ட வேஷமா? அமெரிக்கத் தெற்கின் கிராமியப் பாட்டிலிருந்து வளர்ந்த இந்த கன்ட்ரி இசை பக்கமே போகாத ஆள் எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்? இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் மைக் முன்னால் வந்து காதலைப் பாடினால் அதை நம்பலாமா என்பதுதான் உங்கள் சந்தேகம். தாராளமாக நம்பலாம். ஆனால் அந்த நம்பிக்கையைக் கல்யாணத்தின் மேல் வைக்காமல் குரலின் மேல் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணத்தைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் மேஜைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன். கன்ட்ரி இசை என் பிழைப்பு இல்லை, பைத்தியம். ஆகவே இரண்டு குரல்கள் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். அந்த வீட்டுக்குள் யார் மேல் தப்பு என்பதைப் பற்றி நான் எதையாவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு இசைத்தட்டைக் கேட்டு அதையெல்லாம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். ஜார்ஜ் 1931-இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1955-இலேயே ஹிட் கொடுத்துவிட்டார். 1959-இல் ‘ஒயிட் லைட்னிங்’ அவருடைய முதல் நம்பர் ஒன். டாமி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். மிசிசிப்பியில் பருத்தி விளையும் கிராமத்துப் பக்கம் பிறந்து, பியூட்டி பார்லர் வேலை கற்று, 1966-இல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வந்து சேர்ந்தார். பெரிய நட்சத்திரமான பிறகும் அந்த அழகுநிலைய லைசென்ஸை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பாட்டு எந்த நாளும் கைவிடலாம் என்ற பயம். எபிக் கம்பெனியின் தயாரிப்பாளர் பில்லி ஷெரில் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1968-இல் ‘டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ’, ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ என்று அடுத்தடுத்து இரண்டு பாட்டு, இரண்டுமே நம்பர் ஒன். 1969 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் ரிங்கோல்ட் என்ற சிற்றூரில் ஜார்ஜுக்கும் டாமிக்கும் கல்யாணம். இருவருக்குமே அது மூன்றாவது. 1970-இல் மகள் ஜார்ஜெட் பிறந்தாள். 1975-இல் விவாகரத்து. நீங்கள் பார்த்த தொடர் அந்த மகள் எழுதிய நினைவு நூலை வைத்து எடுக்கப்பட்டது.

இதில் தொடர் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. கல்யாணம் ஆனது 1969, ஆனால் இருவரும் சேர்ந்து பாடிய முதல் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி வெளியிடும் தட்டு, வந்தது 1971-இல். காரணம் மனஸ்தாபம் எதுவும் இல்லை, காகிதம். ஜார்ஜ் மியூசிகார் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தார், டாமி எபிக்கில். மேடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்ந்து பாடலாம், தட்டில் சேர முடியாது. ஜார்ஜ் பழைய ஒப்பந்தத்திலிருந்து கழன்று எபிக்குக்கு வந்த பிறகுதான் ஷெரிலின் கைக்கு இரண்டு குரலும் ஒன்றாகக் கிடைத்தன. முதல் சிங்கிளாக ‘டேக் மீ’ வந்தது. அது புதுப்பாட்டுகூட இல்லை. ஜார்ஜும் லியான் பெயினும் சேர்ந்து எழுதி, சில வருடம் முன்பே ஜார்ஜ் தனியாகப் பாடி ஹிட்டான பாட்டு. எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போ, நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று கெஞ்சுகிற பாட்டு. அதை அவர் எழுதியபோது டாமி அவர் வாழ்க்கையிலேயே இல்லை. அதே வரிகளை இருவரும் பாடியதும் ஊரே அதைத் தேனிலவுப் பாட்டு என்று எடுத்துக்கொண்டது. இந்த ஒரு உதாரணம் போதும், உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு வருடங்களைக் கவனியுங்கள். இந்த ஜோடிக்கு, இசைப் பத்திரிகையான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் மூன்று நம்பர் ஒன் பாடல்கள் உண்டு. 1973-இல் ‘வீ ஆர் கோனா ஹோல்ட் ஆன்’. 1976-இல் ‘கோல்டன் ரிங்’. 1976 கடைசியில் வெளிவந்து அடுத்த வருடத் தொடக்கத்தில் உச்சிக்குப் போன ‘நியர் யூ’. முதலாவது மட்டும்தான் கணவன் மனைவியாக இருந்தபோது வந்தது. மற்ற இரண்டும் கோர்ட்டில் பிரிந்த பிறகு பாடியவை. ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் கன்ட்ரி மியூசிக்’ என்று பஸ்ஸில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்களே, அந்தப் பஸ் காலத்தில் கிடைத்ததைவிடப் பெரிய வெற்றி பஸ் இரண்டாகப் பிரிந்த பிறகுதான் கிடைத்தது.

‘வீ ஆர் கோனா ஹோல்ட் ஆன்’ வந்த 1973-இல்தான் டாமி முதல் தடவை விவாகரத்து மனு போட்டு, பிறகு சமாதானம் ஆகி வாபஸ் வாங்கினார். ஜார்ஜ் தன் நண்பர் ஏர்ல் மான்ட்கமரியோடு சேர்ந்து எழுதிய பாட்டு அது. விடாமல் பிடித்துக்கொள்வோம் என்பதே பல்லவி. அந்த வருடத்து ரசிகர்கள் அதைப் பத்திரிகைச் செய்தி மாதிரி கேட்டார்கள். இந்த ஒரு பாட்டில் வாழ்க்கையும் தட்டும் ஒட்டி ஓடின என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடத்து ‘தி செரிமனி’யைக் கேட்டுப் பாருங்கள். பாதிரியார் கல்யாண மந்திரம் சொல்ல, இவர்கள் உறுதிமொழி எடுக்க, நடுவில் பாட்டு. அது ஆறாம் இடம் வரை போனது. மேடையில் அதை நடித்துக்காட்டியபோது ரசிகர்கள் உருகியிருக்கலாம், தட்டில் எனக்கு அது சர்க்கரைப் பாகு. உண்மையான கணவனும் மனைவியும் உண்மையான உறுதிமொழியைப் பாடியும், இவர்கள் ஹிட்டுகளிலேயே பொய்யாக ஒலிப்பது அதுதான்.

சரி, அப்படியென்றால் நல்ல பதிவுகளில் நடப்பது என்ன? இங்கே கொஞ்சம் தொழில் பேசவேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவதில் முதல் தலைவலி சுருதி. அவருக்கு வசதியான சுருதியில் அவளுக்குக் கீழ் ஸ்வரங்கள் எட்டாது, அவளுக்கு ஏற்ற சுருதியில் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். ஒருவர் சரணம் பாடி முடித்ததும் சுருதியைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுப்பது ஒரு வழி. ஒருவர் மெட்டைப் பிடிக்க, மற்றவர் மேலேயோ கீழேயோ இணைக்குரல் போடுவது இன்னொரு வழி. நாஷ்வில் வாத்தியக்காரர்கள் ஸ்வரக்கோவைகளைப் பெயரால் எழுதாமல் ஒன்று, நாலு, ஐந்து என்று எண்ணால் எழுதிக்கொள்வார்கள். பாடகிக்காகச் சுருதியை மாற்றினாலும் தாளில் ஒரு எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை. மூன்று மணி நேர செஷனில் மூன்று நாலு பாட்டை முடிக்கிற ஊருக்கு அது பெரிய சௌகரியம்.

அடுத்த தலைவலி ஜார்ஜ். அவர் ஒரு சொல்லை நேராகப் போய்த் தொடமாட்டார். கீழேயிருந்து வழுக்கி ஏறுவார், உச்சியில் நின்று அசைப்பார், பற்களைத் திறக்காமலே உயிரெழுத்தை நீட்டுவார், தாளத்துக்குப் பின்னால் தங்கிவிட்டுக் கடைசி நொடியில் வந்து சேருவார். தனியாகப் பாடும்போது அது அற்புதம். கூடப் பாடுகிறவருக்கு ஆபத்து, ஏனென்றால் இருவர் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் முடித்தாக வேண்டும். டாமியின் பெருமை இங்கேதான். அவர் குரல் ஜார்ஜ் குரல் அளவுக்கு வளையாது. சரணத்தில் பேசுவதுபோல் தாழ்ந்து தொடங்கி, பல்லவியில் அழுகையின் விளிம்பு வரை உயர்கிற குரல் அது. ஆனால் டூயட்டுகளில் அவர் ஜார்ஜின் வளைவுகளைப் பின்தொடர்கிறார். ஹெட்போனில் சொற்களின் கடைசி எழுத்தை மட்டும் கவனியுங்கள். ஜார்ஜ் எங்கே விடுவார் என்று டாமி காத்திருக்கிறார். சில இடத்தில் ஜார்ஜும் தன் விளையாட்டைக் குறைத்துக்கொண்டு அவருக்கு இடம் விடுகிறார். இதைத்தான் நாம் காதல் என்று கேட்கிறோம் என்பது என் எண்ணம். ஒருவர் மூச்சை இன்னொருவர் கவனிப்பது நமக்குக் கேட்கிறது. அந்தக் கவனிப்பு உண்மை. விவாகரத்துக்குப் பிறகும் அது குறையவில்லை.

இருவரும் எதிரெதிரே நின்று பாடினார்களா, இல்லை தனித்தனியாகப் பாடி ஒட்டினார்களா என்று சிலர் கேட்பார்கள். அன்றைய நாஷ்வில் வழக்கம் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பாடுவது. ஆனால் ஒவ்வொரு குரலையும் தனித்தனித் தடத்தில் எடுக்கும் பல தடப் பதிவு வந்துவிட்ட காலம் அது, ஒரு குரலைத் திரும்ப எடுத்து வைப்பது சாதாரணம். எந்த வரி எப்படி எடுத்தது என்று காதால் மட்டும் தீர்ப்புச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

மூன்றாவது ஆள் பில்லி ஷெரில். இவரை விட்டுவிட்டு இந்தத் தட்டுகளைப் பேச முடியாது. அலபாமாவில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த போதகரின் மகன். சின்ன வயதில் கூட்டங்களில் பியானோ வாசித்தவர். ஆகவே சபையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் முறை அவருக்கு ரத்தத்தில் ஊறியது. அதோடு வாத்தியங்களை அடுக்கடுக்காகக் குவித்த பாப் இசைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. சரணத்தில் ஒரு கித்தாரும், கம்பி மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் பெடல் ஸ்டீலும் மட்டும் இருக்கும். பல்லவி வந்ததும் வயலின்களும் கோரஸும் அலை மாதிரி எழும். கன்ட்ரியைக் கெடுத்தவர் என்று அவரைத் திட்டுகிற பழமைவாதிகள் இன்றும் உண்டு. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, சில தட்டுகளில் வயலின் எனக்கும் திகட்டும். ஆனால் ஜார்ஜைத் தாழ்ந்த ஸ்தாயியில் பாட வைத்தவர் அவர்தான். 1950-களின் உரத்த ஜார்ஜையும் 1970-களின் ஜார்ஜையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு ஆள் என்று தோன்றும்.

பாட்டு எழுதியவர்களையும் மறக்கக் கூடாது. பாபி பிராடக் என்பவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டாமியின் ‘டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ’யை அவரும் கர்லி புட்மனும் எழுதினார்கள். குழந்தைக்குப் புரியாமல் இருக்க விவாகரத்து என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்கிற தாயின் பாட்டு. ஜார்ஜின் மிகப் பெரிய பாட்டான, 1980-இல் வந்த ‘ஹி ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே’யையும் அதே இருவர்தான் எழுதினார்கள். விட்டுப்போனவளை நினைத்தே செத்துப்போன ஒருவனைப் பற்றிய அந்தப் பாட்டை ஜார்ஜ் டாமிக்காகவே பாடினார் என்று ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள். பாடும்போது அவர் மனதில் யார் இருந்தார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. எழுதியவர்கள் இருவரும் பாட்டு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்பது மட்டும் நிச்சயம்.

‘கோல்டன் ரிங்’கும் பிராடக் எழுதியதுதான், ரேஃப் வான் ஹாய் என்பவரோடு சேர்ந்து. ஒரு கைத்துப்பாக்கி பலர் கைக்கு மாறிப்போகும் டிவி நாடகத்தைப் பார்த்து, துப்பாக்கிக்குப் பதில் மோதிரத்தை வைத்தால் என்ன என்று தோன்றியதாம். சிகாகோவில் ஒரு அடகுக்கடை. ஏழை ஜோடி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கும் மோதிரத்தைப் பார்க்கிறது. அன்று மத்தியானமே சின்ன தேவாலயத்தில் கல்யாணம். அப்புறம் இரண்டு அறை கொண்ட வீட்டில் கடைசிச் சண்டை. அவள் மோதிரத்தை எறிந்துவிட்டுப் போகிறாள். மோதிரம் மறுபடி அடகுக்கடைக் கண்ணாடிக்குள். மூன்று நிமிடத்தில் ஒரு தாம்பத்தியம் முழுக்க முடிந்துவிடுகிறது. இதைப் பாடியவர்கள் விவாகரத்து ஆகி ஒரு வருடம்தான் ஆன ஜோடி. வேறு யாராவது இருந்தால் இங்கே அழுது தீர்த்திருப்பார்கள். இவர்கள் கதை சொல்லிகள் மாதிரி தள்ளி நின்று பாடுகிறார்கள். பல்லவியில் ஒரு குரல் சொல்ல மற்ற குரல்கள் திருப்பிச் சொல்கின்றன, தேவாலயக் கச்சேரி மாதிரி. வாத்தியங்களும் அடக்கம், ஷெரில் தன் வயலின் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொண்ட தட்டு. இவர்கள் பதிவுகளில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான்.

வாழ்க்கை நேராகப் பாட்டுக்குள் வந்த இடங்கள் வேண்டுமென்றால் டூயட்டுகளைவிடத் தனிப்பாட்டுகளில் தேடுங்கள். 1975-இல் ஜார்ஜ் பாடிய ‘தீஸ் டேஸ் ஐ பேர்லி கெட் பை’யை அவரும் டாமியும் சேர்ந்து எழுதினார்கள். மனைவி போய்விட்ட ஒருவனின் புலம்பலை அந்த மனைவியே கூட உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். 1976-இல் டாமியின் ‘டில் ஐ கேன் மேக் இட் ஆன் மை ஓன்’, தனியே நிற்கப் பழகும் வரை கொஞ்சம் தாங்கிக்கொள் என்று கேட்கிற பாட்டு. அதை அவரும் ஷெரிலும் ஜார்ஜ் ரிச்சியும் எழுதினார்கள். இந்த ரிச்சியையே 1978-இல் டாமி மணந்தார். 1974-இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி நம்பர் ஒன் ஆன ‘தி கிராண்ட் டூர்’ பாட்டை எழுதிய மூவரில் ஒருவரும் இதே ரிச்சிதான். மனைவி விட்டுப்போன வீட்டை ஒருவன் அறை அறையாகச் சுற்றிக்காட்டுகிற பாட்டு அது, விவாகரத்துக்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. கற்பனையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

சந்தேகமான கதைகள் என்று ஒரு மூட்டை உண்டு. அதில் பெயர் பெற்றது புல்வெட்டும் வண்டி. ஜார்ஜ் சாராயக்கடைக்குப் போகாமல் இருக்க மனைவி எல்லா கார் சாவிகளையும் ஒளித்துவைத்தார், இவர் புல்வெட்டும் வண்டியில் ஏறி மைல் கணக்கில் ஓட்டிப் போனார் என்ற கதை. டாமி 1979-இல் எழுதிய சுயசரிதையில் இது தன்னோடு வாழ்ந்தபோது நடந்ததாகச் சொல்கிறார். ஜார்ஜ் 1996-இல் எழுதியதில் இதை முந்தைய மனைவி காலத்துக் கதையாகச் சொல்கிறார். இரண்டு தடவை நடந்திருக்கலாம், ஒன்று இன்னொன்றாக உருமாறியும் இருக்கலாம். குடி உண்மை, கச்சேரிக்கு வராமல் போனதால் ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்ற பட்டம் வந்ததும் உண்மை. டாமி புத்தகத்தில் வைத்த கடுமையான குற்றச்சாட்டுகள் சிலவற்றை ஜார்ஜ் தன் புத்தகத்தில் மறுத்தார். அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

கல்யாணம் ஆனவர்கள்தான் நல்ல டூயட் பாடுவார்கள் என்றால் கணக்கு எங்குமே உதைக்கும். அதே காலத்தில் 1971 முதல் 1975 வரை தொடர்ந்து ஐந்து டூயட்டுகளை நம்பர் ஒன் ஆக்கிய கான்வே ட்விட்டியும் லொரெட்டா லின்னும் தம்பதி இல்லை, நண்பர்கள். ஜானி கேஷும் ஜூன் கார்ட்டரும் ‘ஜாக்சன்’ பாடியது 1967-இல், கல்யாணம் அடுத்த வருடம். அலுத்துப்போன புருஷன் பெண்டாட்டியாக அவ்வளவு நன்றாகச் சண்டை போட்டபோது அவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் கார்ல் பட்லரும் பேர்ல் பட்லரும். அசல் கணவன் மனைவி. 1962-இல் வந்து பதினொரு வாரம் முதலிடத்தில் நின்ற அவர்கள் பாட்டு ‘டோன்ட் லெட் மீ கிராஸ் ஓவர்’. அது கள்ளக்காதலின் எல்லைக்கோட்டில் தவிக்கிற இருவரைப் பற்றியது!

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ‘கோல்டன் ரிங்’ முதலில். அதற்குப் பிறகு சிரிக்க ஒரு பாட்டு, 1974-இன் ‘வீ ஆர் நாட் தி ஜெட் செட்’, இதுவும் பிராடக்தான். விமானத்தில் பறக்கிற பணக்காரக் கூட்டம் நாங்கள் இல்லை என்று அர்த்தம். ரோமில் காதல், ஏதென்ஸில் சம்மதம், பாரிஸில் அணைப்பு என்று பணக்கார ஐரோப்பியப் பயணமாகத் தொடங்கும். பார்த்தால் ஜார்ஜியா மாநிலத்து ரோம், டெக்சஸ் ஏதென்ஸ், டென்னசி பாரிஸ். பழைய செவர்லே காரில் போகிற ஜோடி. இவர்கள் இருவருக்கும் நகைச்சுவை எவ்வளவு வரும் என்பதை இதில்தான் கேட்கலாம். அடுத்து ‘வீ ஆர் கோனா ஹோல்ட் ஆன்’. அப்புறம் ‘டேக் மீ’யின் இரண்டு வடிவம், ஜார்ஜ் தனியாகப் பாடியதும் இருவரும் பாடியதும் அடுத்தடுத்து. நான் மேலே சொன்ன சொல் முடிவுகளின் விளையாட்டு அப்போது தெளிவாகப் பிடிபடும். ‘நியர் யூ’வைக் கேட்கும்போது அது 1947-இல் நாஷ்வில்லின் ஃபிரான்சிஸ் கிரெய்க் இசைக்குழு நாடெங்கும் பிரபலமாக்கிய பழைய மெட்டு என்பது ஞாபகம் இருக்கட்டும். 1980-இல் வந்த ‘டு ஸ்டோரி ஹவுஸ்’ இரண்டாம் இடம் வரை போனது. எழுதியவர்களில் டாமியும் ஒருவர். ஏழ்மையில் கனவு கண்ட பெரிய வீட்டை ஒரு ஜோடி கட்டிவிடுகிறது, உள்ளே அன்பு இல்லை.

1972-இன் பக்திப் பாட்டு ஆல்பத்தை அவசரமில்லாமல் பிறகு கேட்கலாம். 1995-இல் இருவரும் மறுபடி சேர்ந்து செய்த ‘ஒன்’ ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஷெரில் இல்லை, டாமியின் உடல்நிலையும் பல வருடமாகச் சரியில்லை, மூன்று வருடத்தில் 55 வயதில் இறந்துவிட்டார். குரல் மெலிந்திருப்பது தெரியும். 1970-களின் தட்டுகள் காதில் நன்றாகப் பழகிய பிறகு கேட்டால்தான் அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பிடிபடும்.